சைக்கடெலிக் றொக் இசைத்தட்டுக்கள்: இரவற் கருவியும் சொந்தக் குரலும்

மேலைத்தேய வெகுசன இசையின் வரலாற்றிலே 1966ஆம் ஆண்டு தொடக்கம் 1969ஆம் ஆண்டு வரையுள்ள காலப்பகுதி தனித்து நோக்கத்தக்கதொன்றாகும். சைக்கடெலிக் றொக் எனப் பெயர்பெற்ற இசைவகை ஐக்கிய அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உருப்பெற்றுப் பரவியது இக்காலத்திலேயாம். இவ்விசையைக் கேட்கப் புகும் ஒருவருக்கு அனுபவமிக்க இரசிகர்கள் எடுத்துரைக்கும் இசைத்தட்டுக்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரே தன்மையதாக அமைந்திருக்கக் காணலாம். பீற்றில்ஸ், பிங்க் புளொயிட், ஜிமி ஹென்றிக்ஸ், டோர்ஸ், ஜெபர்சன் எயர்பிளேன் ஆகிய பெயர்கள் முதலில் வரும். பின்னர் நாற்பது ஆண்டுகளைத் தாண்டி, அவுஸ்திரேலியாவின் டேம் இம்பாலா வரும். இடைப்பட்ட காலமும் ஏனைய நிலப்பரப்புக்களும் வெற்றிடமாக விடப்படும்.

இப்பட்டியல் பிழையானதென்று கூறுவதற்கில்லை. ஆயின் அது முழுமையானதன்று. இவ்விசை பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே பிறேசில், துருக்கி, கம்போடியா, சம்பியா முதலிய நாடுகளின் இளைஞர் இதனைத் தம்வயமாக்கிக்கொண்டனர். மேல்நாட்டார் கீழைத்தேயத்திலிருந்து சுருதியை இரவல் வாங்கினர். ஏனையோர் மேல்நாட்டாரிடமிருந்து மின்கிற்றாரை இரவல் வாங்கினர். இருசாராரும் இரவல் வாங்கியோரே. எனினும் அவ்விரவலுக்காக அவர்கள் செலுத்திய விலை ஒன்றன்று. இவ்வேறுபாட்டை உளத்திற்கொண்டு, கேட்கத்தக்க பழைய, புதிய இசைத்தட்டுக்கள் சிலவற்றை அவற்றின் வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பின்னணியும்

சைக்கடெலிக் என்னும் சொல் இசையுலகிற் பிறந்ததன்று. ஹம்பிறி ஒஸ்மண்ட் என்னும் மனநோய் மருத்துவர் 1956ஆம் ஆண்டு எழுத்தாளர் அல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதமொன்றிலே, உளத்தை வெளிக்காட்டுவது எனப் பொருள்படுமாறு கிரேக்க வேர்களைக் கொண்டு இச்சொல்லை ஆக்கினார். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சாண்டோஸ் நிறுவனத்தில் அல்பேட் ஹொவ்மன் 1938ஆம் ஆண்டு ஆக்கியதும், 1943ஆம் ஆண்டு அதன் மனவிளைவு அறியப்பட்டதுமான எல்.எஸ்.டி. என்னும் பொருளைக் குறித்தே இச்சொல் பெரிதும் வழங்கிற்று. 1966 ஒக்ரோபரில் கலிபோர்னியா மாநிலம் அப்பொருளைச் சட்டத்தால் தடைசெய்தது.

இதனாற்போலும், இவ்விசையை மயக்கப்பொருளின் விளைவெனக் கூறி ஒதுக்குவோர் பலராவர். அது வரலாற்றைக் குறுக்கிக் காணும் நோக்காகும். மயக்கப்பொருள் எதுவும் பாட்டிசைத்ததில்லை. இவ்விசைக்கு வடிவந் தந்தவை மூன்று கருவிகளாம். 1948ஆம் ஆண்டு அறிமுகமான நீண்டநேர இசைத்தட்டு, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலாக ஒரே மனநிலையைத் தொடர்ந்து வளர்ப்பதற்கு இடந்தந்தது. ஒலிநாடா, ஒலியை வெட்டவும் ஒட்டவும் தலைகீழாக ஓட்டவும் வழிசெய்தது. மின்பெருக்கி, கிற்றாரின் நாதத்தைத் திரித்தும் நீட்டியும் இசைப்பதைச் சாத்தியமாக்கிற்று. இம்மூன்றும் இணைந்தவிடத்து, ஒலிப்பதிவுக்கூடம் தானே ஓர் இசைக்கருவியாயிற்று. பாடலைப் பதிவுசெய்யும் இடம் என்ற நிலை மாறிப் பாடலை ஆக்கும் இடமாக அது வளர்ந்தது.

மேல்நாட்டின் முதல் இசைத்தட்டுக்கள்

இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் இசைத்தட்டு 1966 ஓகஸ்டில் வெளிவந்த பீற்றில்ஸ் குழுவினரின் 'றிவோல்வர்' ஆகும். இதன் இறுதிப் பாடலான 'டுமாறோ நெவர் நோஸ்' அவ்வாண்டு ஏப்ரிலில் முதலிற் பதிவாகியது. தம்புராவின் ஆதார சுருதி பாடல் முழுவதும் நிலைத்து நிற்க, ஏறத்தாழ ஒரே சுரக்கூட்டின்மீது குரல் செல்கின்றது. ஐந்து ஒலிநாடா வளையங்கள் சுழன்று சுழன்று பறவைக் கூட்டம் போன்ற ஓசைகளை இடையிடையே கலக்கின்றன. ஜோன் லெனனின் குரல் ஓகன் வாத்தியத்துக்குரிய சுழலும் ஒலிபெருக்கியினூடாகச் செலுத்தப்பட்டுள்ளது. கருநாடக இசையையோ இந்துஸ்தானி இசையையோ கேட்டுப் பழகிய செவிக்கு நிலைத்த சுருதி புதிதன்று. மேல்நாட்டு வெகுசன இசைக்கோ, சுரக்கூட்டுக்கள் மாறிச் செல்வதே பாடலின் இயக்கம் என்றிருந்த நிலையிலே, அது ஒரு பெரும் உடைப்பாகும்.

இவ்விரவலின் தன்மையும் கவனிக்கத்தக்கது. ஜோர்ஜ் ஹரிசன் பண்டிதர் ரவிசங்கரிடம் சித்தார் கற்க 1966ஆம் ஆண்டு இந்தியா சென்றார். அவருடைய ஈடுபாடு உண்மையானதே. எனினும் 1967ஆம் ஆண்டு வெளிவந்த 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பான்ட்' என்னும் புகழ்பெற்ற தட்டிலே அவர் பாடிய பாடலுக்கு டில்ரூபா, தம்புரா, தபேலா ஆகியவற்றை இசைத்த, இலண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞரின் பெயர்கள் உறையில் இடம்பெறவில்லை. பாடல்களின் சொற்களை எல்லாம் பின்னுறையில் அச்சிட்ட தட்டு அது என்பதை நோக்குமிடத்து, இவ்விடுபாட்டின் பொருள் விளங்கும். வலியோர் இரவல் வாங்கும்போது இரவல் தந்தோர் பெயரற்றோராகிவிடுதல் எளிது.

'றிவோல்வர்' தட்டுக்கு அடுத்துக் கேட்கத்தக்கவை நான்கெனலாம். முதலாவது, ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரைச் சேர்ந்த 'தேர்ட்டீன்த் புளோர் எலிவேற்றர்ஸ்' குழுவினர் 1966இல் வெளியிட்ட முதற்றட்டு. சைக்கடெலிக் என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய முதற்சில தட்டுக்களுள் அதுவும் ஒன்று. மண்சாடியின் வாயில் ஒலிவாங்கியைப் பிடித்து ஊதியெழுப்பிய விந்தையோசை அதன் அடையாளம். இரண்டாவது, பிங்க் புளொயிட் குழுவின் முதற்றட்டான 'த பைப்பர் அற் த கேற்ஸ் ஒவ் டோன்'. 1967 ஓகஸ்டில் வெளிவந்தது. சிறுவர் கதையுலகும் விண்வெளியும் அதில் ஒன்றோடொன்று கலந்துள்ளன. மூன்றாவது, அதே ஆண்டு மே மாதத்தில் வந்த ஜிமி ஹென்றிக்ஸின் 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்'. கறுப்பின மக்களின் புளூஸ் இசைமரபே இவ்விசையின் அடித்தளம் என்பதை மறந்தோருக்கு அது நினைவூட்டுகின்றது. நான்காவது, லொஸ் ஏஞ்சலிஸின் 'லவ்' குழுவினர் 1967 நவம்பரில் வெளியிட்ட 'பொறெவர் சேஞ்சஸ்'.

இந்நான்காவது தட்டு தனியே விதந்துரைக்கத்தக்கது. மின்கிற்றாரின் ஆரவாரம் அதில் மிகக் குறைவு. மென்மையான கிற்றாரும் வயலின்களும் எக்காளங்களும் இழைந்துவர, கோடைகாலக் கொண்டாட்டத்தின் நடுவே மரண அச்சம் ஒலிக்கின்றது. வெளிவந்த காலத்தில் ஐக்கிய அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 154ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. கேட்டவர் கேளாதவருக்கு எடுத்துரைத்ததனாலேயே அது நிலைபெற்றது. பின்னர் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. விற்பனை வேறு, மதிப்பு வேறு என்பதற்கு இதனைக் காட்டிலும் தெளிவான சான்று தேவையில்லை.

மேல்நாட்டுக் கலைஞர் விலை எதுவும் செலுத்தவில்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. பிங்க் புளொயிட்டின் சிட் பரற் மனநலங் குன்றி 1968இல் குழுவை விட்டு நீங்கினார். எலிவேற்றர்ஸ் குழுவின் றொக்கி எறிக்சன் சிறிதளவு கஞ்சா வைத்திருந்தமைக்காக 1969இல் கைதாகி, சிறையைத் தவிர்ப்பதற்காகச் சித்தசுவாதீனமின்மையை எதிர்வாதமாக முன்வைத்து, 1972 வரை மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தார். இவை துயரமான வரலாறுகள். ஆயின் தனிமனிதர்க்கு நேர்ந்தவை. மின்கிற்றாரை மீட்டுவதே அரசியற் செயலாகக் கொள்ளப்பட்ட சமூகங்களிலோ நிலைமை வேறு.

பிறேசில்: இருபுறமும் எதிர்ப்பு

பிறேசிலில் 1964ஆம் ஆண்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதற்கு எதிரான மாணவர் இயக்கம், நாட்டார் இசையையும் சம்பா மரபையும் தேசியத்தின் குரலாகக் கொண்டது. மின்கிற்றார் வட அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் கருவியெனக் கருதப்பட்டது. 1967 ஜூலையில் சாவோ பாவுலோ நகரில் மின்கிற்றாருக்கு எதிராக ஓர் ஊர்வலமே நடைபெற்றது. பாடகி எலிஸ் றெஜினா முன்னின்ற அவ்வூர்வலத்தில் ஜில்பேர்ட்டோ ஜில் என்னும் இளம் பாடகரும் நடந்து சென்றார். அதே ஜில், மூன்று மாதங்களின் பின் தொலைக்காட்சி இசைவிழாவொன்றில், 'ஒஸ் முத்தாந்தெஸ்' என்னும் இளைஞர் குழுவின் மின்கிற்றார்களையும், ஆபிரிக்க வழிவந்த பெரிம்பாவு என்னும் ஒற்றைத்தந்திக் கருவியையும் ஒரே மேடையில் இணைத்துப் பாடி இரண்டாம் பரிசு பெற்றார். மூன்று மாதத்தில் நிகழ்ந்த இம்மாற்றத்தைச் சந்தர்ப்பவாதமென இகழ்தல் எளிது. அதன் பின்னே ஒரு கோட்பாடு இருந்தது.

1928ஆம் ஆண்டிலேயே பிறேசிலின் கவிஞர் ஒஸ்வால்ட் டி அந்திராடே, அந்நியப் பண்பாட்டைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அதனைப் பின்பற்றவும் வேண்டாம், அதனை விழுங்கிச் செரித்துத் தன்னுடலின் வலுவாக மாற்றவேண்டுமென வாதிட்டிருந்தார். நாற்பது ஆண்டுகளின் பின் ஜில், கயெட்டானோ வெலோசோ முதலியோர் இக்கருத்தையே இசையிற் செயற்படுத்தினர். 1968ஆம் ஆண்டு வெளிவந்த 'ட்ரொப்பிக்காலியா' என்னும் கூட்டு இசைத்தட்டு அவ்வியக்கத்தின் பிரகடனமாக அமைந்தது. றொஜேரியோ டுப்ராட் அமைத்த வாத்தியக்குழு இசை, ஊர்ப்புற இராகங்கள், விளம்பர ஓசைகள், மின்கிற்றார் ஆகியன அதில் முரண்பட்டும் இணைந்தும் வருகின்றன. அதே ஆண்டிலே 'ஒஸ் முத்தாந்தெஸ்' தமது முதற்றட்டை வெளியிட்டனர். மேல்நாட்டு மின்கருவிகள் விலையுயர்ந்தும் கிடைத்தற்கரியனவாயும் இருந்தமையால், குழுவைச் சேர்ந்த சகோதரர்களின் மூத்தவர் கிற்றார்களையும் ஒலித்திரிப்புக் கருவிகளையும் தாமே செய்துகொடுத்தார். கருவியின் வடிவம் இரவல். அதனைச் செய்த கை உள்ளூர்க் கை.

1968 செப்ரெம்பரில் சாவோ பாவுலோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழக அரங்கிலே வெலோசோ 'ஒஸ் முத்தாந்தெஸ்' குழுவினரோடு பாட முற்பட்டபோது, இடதுசாரி மாணவர் கூச்சலிட்டு அவரைப் பாடவிடாது தடுத்தனர். அவரும் பாட்டை விடுத்து, அரசியலிலும் இவ்வாறே இருப்பீர்களாயின் நாட்டின் கதி என்னாகும் என்னுங் கருத்துப்பட அவர்களைச் சாடினார். மூன்று மாதங்கள் கழிந்தன. டிசெம்பர் 13ஆம் திகதி, குடியியல் உரிமைகளைப் பறிக்கும் ஐந்தாம் நிறுவனச் சட்டத்தை இராணுவ அரசு பிறப்பித்தது. 27ஆம் திகதி வெலோசோவும் ஜில்லும் கைதாகினர். சிறையிலும் பின் ஊர்க்காவலிலும் வைக்கப்பட்ட அவர்கள், 1969இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு 1972 வரை இலண்டனிலே வாழ்ந்தனர். மாணவர் அவர்களை ஏகாதிபத்தியத்தின் எடுபிடிகள் என்றனர். இராணுவமோ அரசைக் கவிழ்க்க முனைவோர் என்றது. எது ஆபத்தான கலை என்பதை இராணுவம் மாணவரினும் விரைவாக இனங்கண்டுகொண்டமை, கலையும் அரசியலும் பற்றிச் சிந்திக்கும் எந்தப் பல்கலைக்கழகச் சமூகத்துக்கும் படிப்பினையாகும். பல்லாண்டுகளின் பின் 2003 முதல் 2008 வரை ஜில் அந்நாட்டின் பண்பாட்டு அமைச்சராகப் பணியாற்றினார்.

துருக்கி: நாட்டார் பாடலின் மின்வடிவம்

துருக்கியின் நிலை வேறுவகைப்பட்டது. அங்கு மேலைமயமாக்கத்தை அரசே முன்னின்று நடத்திற்று. 1934 தொடக்கம் 1936 வரை உதுமானிய மரபிசை வானொலியில் ஒலிபரப்பாவதே தடுக்கப்பட்டிருந்தது. இத்தகைய நாட்டிலே 'ஹுரியெத்' பத்திரிகை 1965ஆம் ஆண்டு முதல் 1968ஆம் ஆண்டு வரை 'தங்க ஒலிவாங்கி' என்னும் போட்டியை நடத்தியது. நாட்டார் பாடல்களை அல்லது துருக்கிமொழிப் பாடல்களை மேல்நாட்டுக் கருவிகளில் இசைக்கவேண்டும் என்பது அதன் விதி. நகரத்து இளைஞர் அனத்தோலியக் கிராமங்களின் பாடல்களைத் தேடிச் செல்லும் நிலையை இது தோற்றுவித்தது.

இவ்வழியில் வந்தவருள் எர்க்கின் கொறாய் தலைசிறந்தவர். மரபுவழி நரம்புக்கருவியான பாலமாவை மின்மயமாக்கியோருள் அவரும் ஒருவர். 1974ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட தட்டின் தலைப்பே 'மின்னணு நாட்டார் பாடல்கள்' எனப் பொருள்படுவது. மேல்நாட்டுக் கிற்றாரின் மெட்டுக்கள் பன்னிரு சுரங்களுக்கு மட்டுமே இடந்தருவன. துருக்கிய இசையோ அவற்றுக்கிடைப்பட்ட நுண்சுரங்களில் உயிர்வாழ்வது. கமகத்தை அறிந்த செவிகள் இத்தட்டை எளிதில் இனங்கண்டுகொள்ளும். சுரத்தை அசைத்தும் வளைத்தும் செல்லும் அவ்விசையிலே, மின்னோசை வெறும் அலங்காரமாக நில்லாமல் பழம்பாடலின் துயரத்தை மிகுவிப்பதாக அமைகின்றது.

செல்டா பாஜான் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட 'செல்டா' என்னும் தட்டு இவ்வரிசையில் மிக உயர்ந்தது எனலாம். வறுமையையும் அநீதியையும் பாடும் கிராமியக் குரலுக்குப் பின்னால் மின்கிற்றாரும் மின்னணுக் கருவிகளும் இடியென ஒலிக்கின்றன. 1980 செப்ரெம்பர் 12ஆம் திகதி துருக்கியில் இராணுவப் புரட்சி நிகழ்ந்தது. 1981க்கும் 1984க்கும் இடையில் அவர் மும்முறை சிறைவைக்கப்பட்டார்; அவருடைய கடவுச்சீட்டு 1987 வரை பறிக்கப்பட்டிருந்தது. தொழிலாளர் சார்பாகப் பாடிய ஜெம் கராஜா அப்போது ஜேர்மனியில் இருந்தார். நாடு திரும்பாமையால் 1983இல் அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. 1987இலேயே அவர் தாயகம் மீண்டார். மேலைமயமாக்கத்தை விரும்பிய அரசு, மேல்நாட்டுக் கருவி கிராமத்தின் குரலிற் பேசத் தொடங்கியதும் அதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை என்பதே இங்கு அவதானிக்கத்தக்கது.

கம்போடியா: எஞ்சிய ஒலிநாடாக்கள்

பிறேசிலிலும் துருக்கியிலும் கலைஞர் சிறைப்பட்டனர். கம்போடியாவில் ஓர் இசையுலகமே அழிந்தது. 1960களில் புனோம் பென் நகரில் சின் சிசமுத், றொஸ் செரெய் சொத்தியா, பான் றொன் ஆகியோரைத் தலைமையாகக் கொண்டு வளமானதொரு வெகுசன இசை வளர்ந்திருந்தது. வியற்நாமில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படையினரின் வானொலி எல்லை கடந்து ஒலித்தது. அவ்வானொலியிற் கேட்ட மின்கிற்றாரின் திரிந்த நாதத்தோடு கெமர் மொழியின் உயர்ந்த, நெகிழ்ந்த பாடுமுறை இணைந்தது. போர் சூழ்ந்த நகரில் ஆடலும் பாடலும் தொடர்ந்தன.

1975 ஏப்ரில் 17ஆம் திகதி கெமர் றூஜ் படையினர் தலைநகரைக் கைப்பற்றி மக்கள் அனைவரையும் வெளியேற்றினர். 1979 ஜனவரி வரை நீடித்த அவ்வாட்சியில் 15 இலட்சம் முதல் 20 இலட்சம் வரையான மக்கள் மாண்டனரென மதிப்பிடப்படுகின்றது. மேற்கூறிய மூன்று பாடகர்களும் அவ்வாட்சிக் காலத்திலேயே மறைந்தனர். இசைத்தட்டுக்களை வைத்திருப்பதே ஆபத்தாயிற்று; மூலப் பதிவுகள் பெரும்பாலும் அழிந்தன. ஏடுகளையும் நூல்களையும் தீக்கு இழந்த சமூகங்களுக்கு இவ்விழப்பின் தன்மை விளக்காமலே புரியும்.

எஞ்சியவை மக்களின் கைகளில் எஞ்சின. ஒளித்துவைத்த தட்டுக்களும், புலம்பெயர்ந்தோர் படியெடுத்த ஒலிநாடாக்களும் அவ்விசையைக் காத்தன. கம்போடியாவுக்குச் சென்ற அமெரிக்கப் பயணி ஒருவர் வாங்கிவந்த ஒலிநாடாக்களிலிருந்து 1996ஆம் ஆண்டு 'கம்போடியன் றொக்ஸ்' என்னும் தொகுப்பு வெளிவந்தது. அதன் முதற்பதிப்பில் பாடகரின் பெயரோ பாடலின் பெயரோ இருக்கவில்லை. மேல்நாட்டு இரசிகர் வியந்து கேட்ட குரல்கள், கொல்லப்பட்டோரின் குரல்கள் என்பதை அறியாமலே கேட்கப்பட்டன. பின்னர் கேட்போரும் ஆய்வாளரும் ஒவ்வொரு பெயராகத் தேடிச் சேர்த்தனர். 2014ஆம் ஆண்டின் 'டோன்ட் திங்க் ஐவ் பொகொற்றன்' என்னும் ஆவணப்படமும் 2015இல் வெளிவந்த அதன் இசைத்தொகுப்பும் பெயர்களை உரியவரோடு சேர்த்து வைத்தன. ஆகவே கம்போடிய இசையைக் கேட்கப் புகுவோர் இவ்விரண்டாவது தொகுப்பையே தெரிவுசெய்தல் தகும். பெயரறிந்து கேட்பது அங்கு வெறும் தகவலறிவன்று. இறந்தோர்க்குச் செலுத்தவேண்டிய குறைந்தபட்சக் கடனாகும்.

சம்பியா: அரசு ஊக்கியும் நிலைக்காத இசை

அரசின் பகைமையே இவ்விசையை எங்கும் அழித்ததெனக் கொள்வதும் முழுமையன்று. 1964இல் விடுதலைபெற்ற சம்பியாவிலே, வானொலியில் ஒலிபரப்பாகும் இசையில் 95 வீதம் உள்நாட்டு இசையாக இருத்தல் வேண்டுமென ஜனாதிபதி கென்னத் கவுண்டாவின் அரசு விதித்தது. உள்நாட்டு இளைஞரோ மின்கிற்றாரைக் கையிலேந்தியே அதற்கு விடையளித்தனர். 'விச்' குழுவின் 'லேசி போன்ஸ்', 'அமனாஸ்' குழுவின் 'ஆபிரிக்கா' ஆகியன 1975ஆம் ஆண்டின் சிறந்த தட்டுக்கள். ஆயினும் செப்பின் உலகச்சந்தை விலை வீழ்ந்தபோது நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. பின்னர் எயிட்ஸ் நோய் இவ்விசைக் கலைஞர் பலரைக் கொண்டுசென்றது. 'விச்' குழுவின் முதன்மைப் பாடகர் இமானுவேல் ஜகாரி சாண்டா இரத்தினக்கல் அகழ்ந்து வாழ்ந்தார். தட்டுக்கள் மறுபதிப்பாகி உலகெங்கும் கேட்கப்பட்டதன் பயனாக, அவர் புதிய துணைவரோடு 2023ஆம் ஆண்டு 'சங்கோ' என்னும் தட்டை வெளியிட்டார். தேடிக் கேட்போர் ஒரு கலைஞரை மீண்டும் மேடையேற்ற முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

புதிய இசைத்தட்டுக்கள்

இருபத்தோராம் நூற்றாண்டின் சைக்கடெலிக் இசையிலே டேம் இம்பாலாவின் 'லோனறிசம்' பெரிதும் பேசப்படுவதாகும். பேர்த் நகரைச் சேர்ந்த கெவின் பார்க்கர் ஏறத்தாழத் தனியொருவராகவே ஆக்கி 2012இல் வெளியிட்ட அத்தட்டு, தனிமையைப் பாடும் கைத்திறன் மிக்க படைப்பு. ஆயின் வரலாற்று நோக்கில் அதனினும் முக்கியமானவை வேறு சில.

அவுஸ்திரேலியாவின் 'கிங் கிசர்ட் அன்ட் த லிசர்ட் விசர்ட்' குழுவினர் 2017இல் வெளியிட்ட 'பிளையிங் மைக்றோரோனல் பனானா' என்னும் தட்டுக்காக, நுண்சுரங்களை இசைக்கவல்ல மேலதிக மெட்டுக்கள் பொருத்திய கிற்றார்களைப் பயன்படுத்தினர். துருக்கியப் பாலமாவே அதற்குத் தூண்டுகோல். ஒருகாலத்தில் பாலமா கிற்றாராக முயன்றது. இப்போது கிற்றார் பாலமாவாக முயல்கின்றது. ஆம்ஸ்ரடாம் நகரில் உருவான 'அல்த்தின் குன்' குழுவினர் 2019இன் 'கெஜே' என்னும் தட்டில் அனத்தோலியப் பாடல்களைப் புதிய தலைமுறைக்கு எடுத்துச் செல்கின்றனர். ஜப்பானின் 'கிக்காகு மோயோ' குழுவில் இந்தியா சென்று கற்றுவந்த கலைஞர் சித்தார் மீட்டினார். 2022இல் கலைந்துபோன அக்குழுவின் 2016ஆம் ஆண்டுத் தட்டான 'ஹவுஸ் இன் த ரோல் கிறாஸ்' அமைதியை விரும்புவோர்க்கு உகந்தது.

இவ்வரிசையின் உச்சமாகக் கொள்ளத்தக்கது நைஜரின் துவாரெக் இனத்தவரான ம்டூ மொக்தார் 2021இல் வெளியிட்ட 'அப்றிக் விக்ரீம்'. இளமையில் மிதிவண்டியின் தடுப்புக் கம்பிகளைத் தந்திகளாக்கித் தாமே கிற்றார் செய்து பயின்றவர் அவர். ஹென்றிக்ஸை நினைவூட்டும் வேகமும் பாலைவனத் திருமணங்களின் ஆடல்தாளமும் இணைந்த அவ்விசை, பிரெஞ்சுக் குடியேற்றவாதத்தின் எச்சங்களைத் தமது தாய்மொழியிற் சாடுகின்றது. 1967இன் இலண்டனில் தேடப்பட்டது உளவிடுதலை. 2021இன் நைஜரில் தேடப்படுவது நிலத்தின் விடுதலையும் கூட.

கேட்போருக்கு

மேற்கூறியவற்றிலிருந்து கேட்கும் முறையொன்றை வகுத்துக்கொள்ளலாம். முதலில் 'றிவோல்வர்', 'பொறெவர் சேஞ்சஸ்' ஆகிய இரண்டையும் கேட்டு இவ்விசையின் இலக்கணத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். அடுத்து 'ஒஸ் முத்தாந்தெஸ்' குழுவின் 1968ஆம் ஆண்டுத் தட்டு. அதன்பின் எர்க்கின் கொறாய், செல்டா பாஜான். கம்போடியத் தொகுப்பை நடுவிலே வைத்து, ஒரே அமர்வில் வேறெதனோடும் கலவாது கேட்பது நன்று. பின்னர் 'லேசி போன்ஸ்', இறுதியில் ம்டூ மொக்தார். இவ்வொழுங்கிற் கேட்பவர், ஒரு கருவி அரை நூற்றாண்டுக்கு மேலாக எத்தனை மொழிகளைக் கற்றுக்கொண்டது என்பதைத் தம் செவியாலேயே உணர்வர். ஒவ்வொரு தட்டையும் இருபக்கமும் முழுமையாகக் கேட்டல் அவசியம். தனிப்பாடல்களாகப் பிரித்தெடுப்பது இவ்வடிவத்தின் இயல்புக்கு ஒவ்வாதது.

அந்நியக் கருவியைக் கையாளும் கலை அந்நியமானதா என்னும் கேள்வி நம்மவர் உட்பட எல்லாச் சமூகத்தாரிடையேயும் எழுவதே. கருவி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் கேட்டால் அதற்கு விடை கிடையாது. தம்புரா இலண்டனுக்குச் சென்றதால் இலண்டன் கீழைத்தேயமாகவில்லை. கிற்றார் அனத்தோலியாவுக்கு வந்ததால் அனத்தோலியா அமெரிக்காவாகவுமில்லை. அக்கருவியைக் கொண்டு யார், யாருக்காக, எதனைப் பாடினர், அதற்காக எதனை இழந்தனர் என்று கேட்டல் வேண்டும். கடனாகப் பெற்ற கருவியிற் சொந்தக் குரலை எழுப்பியவர்களைச் சிறையும் நாடுகடத்தலும் மரணமும் எதிர்கொண்டன. அவர்களுடைய தட்டுக்களை அரசுகள் காக்கவில்லை. பெரும் நிறுவனங்களும் காக்கவில்லை. கேட்டவர் கேளாதவரிடம் கையளித்ததனாலேயே அவை இன்று கிடைக்கின்றன. ஆகையால் ஓர் இசைத்தட்டை அதன் ஆண்டோடும் ஊரோடும் பாடியவர் பெயரோடும் நண்பர் ஒருவருக்கு எடுத்துரைப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. அது வரலாற்றைக் காக்கும் பணியின் ஒரு கூறுமாகும்.